தேக்கடி ஏரியில் யானையைப் படமெடுக்க எந்த லென்ஸ் போதும்? குறைந்த விலை டெலிஃபோட்டோ வாங்குவோர் அறிய வேண்டியவை

குமுளி: தமிழக – கேரள எல்லையில் உள்ள குமுளிக்கு வந்து, தேக்கடி ஏரியில் படகுச் சவாரி செய்யும் சுற்றுலாப் பயணிகளில் பலர் ஊர் திரும்பியதும் தங்கள் படங்களைப் பார்த்து ஏமாற்றம் அடைகின்றனர். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த யானைக் கூட்டம், படத்தில் பச்சைப் பின்னணியில் சில கரும்புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்த பயணத்துக்குள் ஒரு டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அப்போதுதான் தோன்றுகிறது.

கடையில் சென்று நின்றால் 250, 300, 400, 600 என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. எண் பெரிதாகும்போது விலையும் எடையும் ஏறுகின்றன. எண் பெரிதாக இருந்தும் விலை குறைவாக இருக்கும் லென்ஸ்களும் உண்டு. அவற்றில் ஏதோ ஒரு வசதி விடுபட்டிருக்கும். எது விடுபட்டிருக்கிறது, அது தேக்கடி போன்ற இடத்தில் தேவையா, இல்லையா என்பதை அறிந்து வாங்கினால் குறைந்த செலவிலேயே நல்ல படங்கள் எடுக்க முடியும்.

ஏரி விதிக்கும் நிபந்தனைகள்

முல்லைப்பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது உருவான நீர்த்தேக்கமே தேக்கடி ஏரி. அப்போது நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரியின் நடுவே தலை நீட்டி நிற்கின்றன. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் சிறகை உலர்த்த அமர்வது அவற்றின் மீதுதான். ஏரியைச் சூழ்ந்துள்ள காடு 1950இல் சரணாலயமாகவும், 1978இல் பெரியாறு புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

இங்கு லென்ஸைத் தீர்மானிப்பவை மூன்று. முதலாவது தூரம். படகு ஏரியின் நடுப்பகுதியில் செல்ல, யானை, காட்டு மாடு, மிளா, காட்டுப்பன்றி ஆகியவை கரையோரப் புல்வெளிக்கு வருகின்றன. இடைவெளி பல நேரங்களில் 50 மீட்டரில் இருந்து 150 மீட்டர் வரை இருக்கக்கூடும். இரண்டாவது வெளிச்சம். விலங்குகளைக் காண ஏற்ற நேரம் அதிகாலையும் மாலையும்; அப்போதுதான் காட்டோரம் நிழலில் மூழ்கியிருக்கும். மூன்றாவது அசைவு. படகு ஓடுகிறது, என்ஜின் அதிர்கிறது, பக்கத்தில் இருப்பவர் எழுந்து அமர்கிறார். முக்காலியை ஊன்ற அங்கே இடமில்லை. ஊன்றினாலும் படகின் அதிர்வை அது கேமராவுக்கே கடத்தும்.

இந்த மூன்றையும் ஒருசேர ஈடுகட்டும் லென்ஸ்கள் பல லட்சம் ரூபாய் விலையுள்ளவை. குறைந்த செலவில் வாங்குவோர் இம்மூன்றில் எதை லென்ஸிடம் விடுவது, எதைத் தாங்களே சமாளிப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

எண் என்ன சொல்கிறது?

லென்ஸின் மீது 55-250 என்று எழுதப்பட்டிருந்தால், அதன் குவியத் தூரத்தை 55 மில்லிமீட்டரில் இருந்து 250 மில்லிமீட்டர் வரை மாற்றலாம் என்று பொருள். இவ்வாறு மாற்ற முடிந்தால் அது ஜூம் லென்ஸ். தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் நீண்ட குவியத் தூரம் இருந்தால் டெலிஃபோட்டோ. பெரும்பாலானோர் வாங்குவது இரண்டும் சேர்ந்த டெலிஃபோட்டோ ஜூம்.

ஒரு விலங்கு சென்சாரின் மீது எவ்வளவு பெரிதாக விழும் என்பதை எளிய கணக்கில் அறியலாம். விலங்கின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, இடைவெளியால் வகுத்தால் விடை கிடைக்கும். இரண்டரை மீட்டர் உயரமுள்ள யானை 100 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 250 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 6.25 மி.மீ. உயரத்துக்கு விழும். நடுத்தர விலை கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி வகை சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ. ஆகவே யானை படத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிறைந்திருக்கும். சுற்றியுள்ள புல்வெளியும் கரையும் காடும் சேர்ந்த முழுமையான படத்துக்கு இது தாராளமாகப் போதும்.

இதே கணக்கைச் சிறால் மீன்கொத்திக்குப் போட்டால் நிலைமை மாறுகிறது. அப்பறவையின் நீளம் சுமார் 17 செ.மீ. மட்டுமே. 30 மீட்டர் தொலைவில் பட்ட மரத்தின் மீது அது அமர்ந்திருந்தால், 250 மி.மீ. லென்ஸில் பிம்பம் 1.4 மி.மீ. அளவே இருக்கும், படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 600 மி.மீ. லென்ஸில் அதே பறவை 3.4 மி.மீ. அளவுக்கு விழும்.

யானை, காட்டு மாடு, மிளா ஆகியவையே நோக்கமென்றால் 250 அல்லது 300 மி.மீ. போதுமானது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. சிறு பறவைகளே நோக்கமென்றால் 300 மி.மீ. எப்போதும் குறைவாகவே தோன்றும். வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

250க்கும் 300க்கும் எவ்வளவு வேறுபாடு?

250ஐ விட 300 பெரியது என்பதற்காகவே கூடுதல் தொகை கொடுப்போர் உண்டு. உண்மையில் 300 மி.மீ. லென்ஸில் பிம்பம் 20 சதவீதம் மட்டுமே பெரிதாகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் 250 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டி, 300 மி.மீ. லென்ஸின் காட்சிக்குச் சமமாக்கினாலும் ஏறத்தாழ 17 மெகாபிக்சல் எஞ்சும். ஏ4 அளவில் தரமான அச்சுப் படம் எடுக்க 9 மெகாபிக்சல் போதும்.

600 மி.மீ. காட்சிக்குச் சமமாக வெட்டினால் 4 மெகாபிக்சல் அளவே எஞ்சும். செல்போன் திரையில் பார்க்கவும், சிறிய அளவில் அச்சிடவும் அது போதுமென்றாலும் இறகின் நுணுக்கம் அதில் தெரியாது. எனவே 250, 300 ஆகிய இரண்டுக்கும் இடையே குவியத் தூரத்தைக் கொண்டு முடிவு செய்யத் தேவையில்லை. மற்ற வசதிகளைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

இதனுடன் கேமராவின் சென்சார் அளவும் சேர்கிறது. 35 மி.மீ. பிலிமின் அளவே கொண்ட முழுச்சட்டக சென்சாரை ஒப்பிட, நிக்கான், சோனி நிறுவனங்களின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் காட்சி 1.5 மடங்கு குறுகுகிறது. கேனன் ஏபிஎஸ்-சி கேமராக்களில் அது 1.6 மடங்கு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் இரு மடங்கு. ஆகவே கேனன் ஏபிஎஸ்-சி கேமராவில் பொருத்திய 250 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டும். தொலைவில் உள்ளதைப் படமெடுக்க விரும்புவோருக்குச் சிறிய சென்சார் இந்த வகையில் செலவை மிச்சப்படுத்துகிறது.

விலை ஏறுவதும் எடை கூடுவதும் எதனால்?

லென்ஸின் மீது குவியத் தூரத்துக்கு அடுத்தபடியாக எஃப் 5.6, எஃப் 2.8 என்பன போன்ற எண்கள் இருக்கும். குவியத் தூரத்தை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே இந்த எஃப் எண். அதனால்தான் எண் சிறிதானால் துளை பெரிதாகிறது. 300 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 வேண்டுமானால் துளையின் விட்டம் ஏறத்தாழ 54 மி.மீ. போதும். எஃப் 2.8 வேண்டுமானால் 107 மி.மீ. தேவை. விட்டம் இரு மடங்கானால் கண்ணாடியின் பரப்பு நான்கு மடங்காகிறது. பெரிய கண்ணாடியைப் பிழையின்றிக் கடைந்தெடுப்பது கடினம் என்பதால் விலை அதைவிட வேகமாக உயர்கிறது.

குறைந்த விலை ஜூம் லென்ஸ்களில் எஃப் 4-5.6 அல்லது எஃப் 4.5-6.3 என்று இரண்டு எண்கள் இருப்பதைக் காணலாம். லென்ஸ் குறுகிய நிலையில் இருக்கும்போது முதல் எண். முழுவதும் நீட்டிய நிலையில் இரண்டாவது எண். காட்டில் எப்போதும் பயன்படப்போவது நீட்டிய நிலையே என்பதால், இரண்டாவது எண்ணையே கவனிக்க வேண்டும்.

அந்த எண்ணின் விளைவை வெளிச்சத்தில் காணலாம். அதிகாலையில் காட்டோர நிழலில் நிற்கும் யானையை விநாடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுப்பதாகக் கொள்வோம். எஃப் 5.6 லென்ஸில் ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும் அளவுக்கு வெளிச்சம் இருந்தால், எஃப் 8 லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும். எஃப் 2.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 800 போதும். ஐஎஸ்ஓ உயர உயரப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடும். ஆயினும் அண்மைக் காலக் கேமராக்கள் ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்கத்தக்க படங்களையே தருகின்றன. அப்புள்ளிகளைக் குறைக்கும் மென்பொருள்களும் உள்ளன. ஆகவே பெரிய துளைக்கான செலவைத் தவிர்த்து, ஐஎஸ்ஓவை உயர்த்திக்கொள்வது சிக்கனமான வழி. புள்ளிகள் உள்ள படத்தைச் சீர்செய்யலாம். கலங்கிய படத்தைச் சீர்செய்வது அரிது.

கைவிடக் கூடாத வசதி

குறைந்த விலை லென்ஸில் எதை விட்டாலும் அதிர்வு குறைப்பு வசதியை விடக் கூடாது. நீண்ட லென்ஸ் தொலைவைப் பெரிதாக்குவது போலவே கை நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. லென்ஸுக்குள் உள்ள ஒரு கண்ணாடித் தொகுதி, நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்து பிம்பத்தை நிலைநிறுத்துவதே இந்த வசதி. கேனன் இதை ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், டாம்ரான் விசி என்றும், சிக்மா ஓஎஸ் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும் குறிப்பிடுகின்றன.

இந்த எழுத்துகள் பெயரில் உள்ளனவா என்று பார்ப்பது மிக முக்கியம். நிக்கான் நிறுவனத்தின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 மி.மீ. லென்ஸ் இரண்டு வடிவங்களில் வெளிவந்தது. ஒன்றில் விஆர் உண்டு, மற்றொன்றில் இல்லை. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேனன் நிறுவனத்தின் இஎஃப் 75-300 மி.மீ. மூன்றாம் பதிப்பில் அதிர்வு குறைப்பு கிடையாது. அதே நிறுவனத்தின் இஎஃப்-எஸ் 55-250 மி.மீ. ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸில் அது உண்டு. எடையும் 375 கிராம்தான். முன்னதன் எண் பெரிது என்றாலும், படகில் இருந்து கையில் பிடித்து எடுக்கும்போது பின்னதே கூர்மையான படம் தரும் வாய்ப்பு அதிகம். கேமராவின் உடலிலேயே அதிர்வு குறைப்பு இருந்தால் மட்டும், லென்ஸில் அது இல்லாததைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த வசதிக்கும் எல்லை உண்டு. அது கை நடுக்கத்தைத் தடுக்குமே தவிர, விலங்கின் அசைவை நிறுத்தாது. படகின் நகர்வையும் முழுமையாக ஈடுகட்டாது. ஆகவே ஓடும் படகில் விநாடியில் 500இல் ஒரு பங்குக்குக் குறையாத ஷட்டர் வேகமும், பறக்கும் பறவைக்கு 1000 முதல் 2000இல் ஒரு பங்கு வரையிலான வேகமும் நல்லது. கேமராவில் ஷட்டர் வேகத்தை நிலையாக வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டுவிட்டால் படகில் கவலைப்பட வேண்டியது குறையும்.

600 மி.மீ. லென்ஸ் யாருக்கு?

டாம்ரான் நிறுவனம் 2013ஆம் ஆண்டின் இறுதியில் 150-600 மி.மீ. லென்ஸை அறிவித்தது. சிக்மா 2014இல் அதே அளவில் லென்ஸ்களைக் கொண்டுவந்தது. நிக்கான் 2015இல் 200-500 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. அதுவரை தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டுமே எட்டிய தொலைவு, ஆர்வலர்களுக்கும் எட்டத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஆனால் இவற்றின் எடை ஏறத்தாழ 2 கிலோ அல்லது அதற்கு மேல். உயிர்காப்பு உடை அணிந்து, நெருக்கமான இருக்கையில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்து செல்லும் படகில் இதைத் தூக்கிக் குறிபார்ப்பது எளிதல்ல. சுற்றுலாவுக்கு ஆண்டில் ஓரிரு முறை வருவோர் இதை வாங்குவதைவிட, பெருநகரங்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கும் லென்ஸை எடுத்து வருவது சிக்கனம். வாரந்தோறும் பறவை நோக்கச் செல்வோருக்கு மட்டுமே சொந்தமாக வாங்குவது பொருளுடையது.

இடைப்பட்ட வழியாகக் கேனன் 2021இல் தன் ஆர்எஃப் மவுண்ட் கேமராக்களுக்காக 100-400 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. அதன் எடை 635 கிராம். நீட்டிய நிலையில் எஃப் 8 என்பதால், அதிகாலை நிழலில் ஐஎஸ்ஓ கூடும். எடையைக் குறைக்க வெளிச்சத்தை விட்டுக்கொடுத்த லென்ஸ் அது.

லென்ஸ் மாற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட பிரிட்ஜ் கேமராக்களும் உள்ளன. நிக்கான் பி1000 கேமரா, முழுச்சட்டகத்தில் 3000 மி.மீ. லென்ஸுக்கு நிகரான காட்சி வரை எட்டும். ஆனால் அதன் சென்சார் செல்போன் சென்சார்களை ஒத்த மிகச் சிறிய அளவுடையது. நல்ல வெயிலில் சிறந்த படம் தரும் இத்தகைய கேமராக்கள், அதிகாலை நிழலில் திணறும்.

மலிவு என்று மயங்கக் கூடாதவை

இருக்கும் லென்ஸின் பின்னால் பொருத்தி அதன் தொலைவைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர், மலிவான வழியாகத் தோன்றும். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும். 2 மடங்கு கன்வெர்ட்டர் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும். எஃப் 5.6 லென்ஸ் 2 மடங்கு கன்வெர்ட்டருடன் எஃப் 11 ஆகிவிடும். பல கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் அந்த அளவில் இயங்காது. லென்ஸின் முன்புறம் திருகும் கண்ணாடிகளும், செல்போனில் கவ்வும் லென்ஸ்களும் ஓரங்களில் கலங்கலையும் வண்ணச் சிதறலையும் உண்டாக்கும்.

செல்போனில் விரலால் விரித்துப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம், படத்தின் நடுப்பகுதியை வெட்டி விரிப்பதே. சில விலை உயர்ந்த செல்போன்களில் தனி டெலிஃபோட்டோ லென்ஸ் உண்டு. கரையில் நிற்கும் யானைக் கூட்டத்தை நினைவுக்காகப் பதிவு செய்ய அது போதும். அவ்வாறான செல்போன் கையில் இருப்பவர், புதிய கேமரா வாங்கும் முன் ஒருமுறை அதைக் கொண்டு முயன்று பார்ப்பது நல்லது.

பிளாஷ் வெளிச்சம் சில மீட்டர்களுக்கு மேல் எட்டாது. 100 மீட்டரில் உள்ள யானைக்கு அதனால் பயனில்லை. அருகில் இருக்கும் விலங்கையும் சக பயணிகளையும் அது தொந்தரவு செய்யும். ஏரிப் பயணத்தில் பிளாஷை அணைத்து வைப்பதே முறை.

பழைய லென்ஸ் வாங்கும்போது

பயன்படுத்திய லென்ஸ் வாங்கினால் செலவு கணிசமாகக் குறையும். முதலில் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏஎஃப் லென்ஸ்கள், டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் பொருந்தும். ஆனால் ஆட்டோஃபோகஸ் இயங்காது. மாறாக, புதிய ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் டி90 போன்ற பழைய கேமராக்களில் ஃபோகஸ் ஆகாது. கேனன் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் முழுச்சட்டக டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் பொருந்தாது. ஆனால் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களை உரிய அடாப்டர் மூலம் புதிய ஆர்எஃப் மவுண்ட் கேமராக்களில் பயன்படுத்தலாம்.

டிஎஸ்எல்ஆர் கேமராவில் இருந்து மிரர்லெஸ் கேமராவுக்குப் பலர் மாறிவருவதால், பழைய வகை லென்ஸ்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் வைத்திருப்போருக்கு இது நல்வாய்ப்பு.

அடுத்ததாகப் பூஞ்சை. மழையும் ஈரப்பதமும் மிகுந்த இடுக்கி போன்ற மலைப்பகுதிகளில் லென்ஸின் பெரும் பகை இதுவே. லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையில் செல்போன் டார்ச்சைக் காட்டி, மறுமுனை வழியே சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரிரு தூசுகள் படத்தைப் பாதிக்காது. பூஞ்சை பரவும், கண்ணாடியின் மேற்பூச்சையும் அரிக்கும். உட்புறம் முழுவதும் வெண்புகை படர்ந்தது போலிருந்தால், படத்தின் தெளிவு குறையும்.

பின்னர் ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் சுழற்றி, தடை ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். அதிர்வு குறைப்பை இயக்கி, முழுவதும் நீட்டிய நிலையில் தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பலமுறை எடுத்து, எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நடுப்பகுதி கூர்மையாகவும் ஒரு பக்கம் மட்டும் கலங்கியும் இருந்தால், லென்ஸ் கீழே விழுந்து உட்கண்ணாடி இடம்பெயர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

புதிதாக வாங்குவோர், இந்திய உத்தரவாத அட்டையும் வரிசை எண் குறிப்பிட்ட ரசீதும் பெற வேண்டும். முறையான இறக்குமதி வழியின்றி வரும் லென்ஸ்கள் விலை குறைவாகக் கிடைத்தாலும், இந்தியச் சேவை மையங்களில் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். விற்பனையில் குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தெரிவிக்கலாம்.

வாங்கிய பிறகு

மழைக்காலப் பயணம் முடிந்ததும் லென்ஸைத் துடைத்து, சில மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் வைத்த பின்னரே பையில் மூட வேண்டும். காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் குறைந்த செலவிலான பாதுகாப்பு. பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது ஏற்றது. குளிரூட்டப்பட்ட விடுதி அறையில் இருந்து நேரடியாக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும். பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்த பின் திறந்தால் இதைத் தவிர்க்கலாம்.

லென்ஸின் முன் பொருத்தும் ஹூட், பக்கவாட்டு வெயிலையும் மழைச் சாரலையும் மறைக்கும். மலிவான வடிகட்டிக் கண்ணாடியைவிட இது மேலானது. ஏனெனில் தரமற்ற கண்ணாடி, நீண்ட லென்ஸின் கூர்மையை வெகுவாகக் குறைக்கும்.

நீர்மட்டமும் படமும்

முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத் தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்ட விவசாயிகள் நாள்தோறும் கவனிக்கின்றனர். படமெடுப்போரும் அதைக் கவனிப்பது பயன் தரும். அணையில் 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதி அளித்தது. ஏரி நிறைந்திருக்கும்போது நீர் காட்டின் விளிம்பைத் தொடும். விலங்குகள் மரங்களுக்கிடையே மறைந்து நிற்கும். நீர்மட்டம் தாழும் கோடைக் காலத்தில் கரை அகன்று புல்வெளி வெளிப்படும். தண்ணீர் தேடி விலங்குகளும் திறந்த வெளிக்கு வரும். ஏற்ற பருவத்தில் 250 மி.மீ. லென்ஸுடன் வருபவர், பொருந்தாத பருவத்தில் 600 மி.மீ. லென்ஸுடன் வருபவரைவிட நல்ல படங்களுடன் திரும்பக்கூடும்.

நண்பகலில் நீர்ப்பரப்பின் மீது எழும் வெப்பக் காற்று, தொலைதூரக் காட்சியை நெளியச் செய்யும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. காலையின் முதல் படகும் மாலையின் கடைசிப் படகும் ஏற்றவை எனப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவியை மிஞ்சிய பொறுமை

குறைந்த வசதியுள்ள கருவிகளைக் கொண்டு காட்டுயிர்களைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர், தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான அவர், வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தானே இணைத்து உருவாக்கிய கேமராவால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆட்டோஃபோகஸும் அதிர்வு குறைப்பும் இல்லாத காலத்தில் அவருக்குத் துணை நின்றது, விலங்கின் பழக்கத்தை அறிந்து காத்திருக்கும் பொறுமை.

நெருங்கிச் செல்லாமல் இருக்கவே லென்ஸ்

டெலிஃபோட்டோ லென்ஸின் முதல் பயன், விலங்கை நெருங்காமல் இருப்பது. புலிகள் காப்பகங்களில் சுற்றுலாவுக்காகத் தேசியப் புலிகள் காப்பு ஆணையம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எந்தக் காட்டுயிரிடம் இருந்தும் 20 மீட்டருக்கு மேல் விலகி இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. விலங்குகளைச் சூழ்ந்து நிற்பதும், ஆசை காட்டி அழைப்பதும், உணவிடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

தேக்கடியில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் படகின் ஒரு பக்கமாகத் திரண்டது, அந்த விபத்துக்கான காரணங்களில் ஒன்றாக அப்போது கூறப்பட்டது. தற்போது படகில் உயிர்காப்பு உடை அணிவது கட்டாயம். இருக்கையை விட்டு எழுவதும், ஓரத்துக்குச் சென்று சாய்ந்து படமெடுப்பதும் உடன் வருவோர் அனைவரையும் ஆபத்தில் தள்ளும்.

ஆகவே தேக்கடிக்கான சிக்கனமான தேர்வு, இருந்த இடத்தில் அமர்ந்தபடியே கையில் பிடித்துப் பயன்படுத்தத்தக்க, அதிர்வு குறைப்பு வசதியுள்ள 250 அல்லது 300 மி.மீ. ஜூம் லென்ஸ். அதற்கும் எட்டாத தொலைவில் விலங்கு நின்றால், படத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இல்லையெனில் கண்ணால் கண்ட காட்சியோடு நிறைவு கொள்ளலாம். படகு நேரம், கட்டணம், கேமராவுக்கான அனுமதி ஆகியவை அவ்வப்போது மாறக்கூடும் என்பதால், புறப்படும் முன் அவற்றைக் கேட்டறிந்து செல்வது நல்லது.